விட்ட இடத்தில் நில்லாதவை: ஆறு பலகைகள் செய்த கதை

சனிக்கிழமை காலையில் எங்கள் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். மொரிஷியஸ், காத்ர் போர்ன். பிள்ளைகள் 28 பேர். வீட்டில் கிரியோல், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், எங்களிடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தமிழ். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வகுப்பில் எனக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. வருகைப் பதிவு எடுப்பேன், ஜெராக்ஸ் போட்டு வருவேன்.

இந்த வருஷம் பிள்ளைகளை பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போவதென்று முடிவானது. "போவதற்கு முன்னால் காட்டைப் பற்றித் தமிழில் நாலு பலகை செய்து வைத்தால் நன்றாயிருக்கும்" என்றார் ஆசிரியர் ஐயா, என்னைப் பார்த்து. காடு என்று பேச ஆரம்பித்தால் இந்தத் தீவில் முதலில் வருவது காட்டுக்குள் புகுந்தவற்றின் கதைதான். நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பூர்வீகக் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காடுகூட இல்லை. வெட்டியது போக மிஞ்சியதற்குள் குரங்கும் மானும் பன்றியும், கொய்யாப் புதரும் புகுந்துகொண்டன.

படம் வரைய எனக்குக் கை வராது. தேடியபோது அமெரிக்கப் பட்டியல் ஒன்று அகப்பட்டது. பரவிக் கெடுக்கும் உயிரினங்களைப் பற்றி அங்கே மாநிலத் துறைகள், பல்கலைக்கழகங்கள், தன்னார்வக் குழுக்கள் எல்லோரும் செய்த பாடப்பொருள்களை ஒரே இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சுவரொட்டி, அட்டை விளையாட்டு, பாடத்திட்டம், வண்ணம் தீட்டும் தாள் என்று எல்லாம் உண்டு. ஒருத்தர் செய்து முடித்ததை இன்னொருத்தர் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டாம், எடுத்துத் தன் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு பதிவிலும் எந்த உயிரினம், எந்த வயதினருக்கு, என்ன மொழி, என்ன உரிமம், யாரைத் தொடர்புகொள்வது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும்.

முதல் நாள் ராத்திரி இரண்டு மணி நேரம் வீண். ஊர்ப்பெயரில் தேடியதுதான் தப்பு. இங்கே மலையில் காய்க்கும் சின்னச் சிவப்புக் கொய்யாவுக்குக் கிரியோலில் 'கொயாவ் தெ ஷின்', அதாவது சீனக் கொய்யா. அந்தப் பெயரில் ஒன்றுமே வரவில்லை. வெறும் கொய்யா என்று போட்டால் சமையல் குறிப்புபோல் என்னென்னவோ வந்தது. சிடியம் கேட்லியானம் என்ற அறிவியல் பெயரை லத்தீன் எழுத்தில் போட்டதும் ஹவாயிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் தாள்கள் வரிசையாக வந்து நின்றன. பிரேசில் செடி. ஹவாய்க்கு 1825இல் போய்ச் சேர்ந்து, எங்கள் மலையைப் பிடித்த மாதிரியே அங்கேயும் மலையைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து என் நோட்டில் ஒவ்வொரு உயிரினத்துக்கும் நான்கு பத்தி: அறிவியல் பெயர், கிரியோல், பிரெஞ்சு, தமிழ். பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் இந்த நோட்டை எழுதியிருந்தால் அந்த ராத்திரி தூங்கியிருப்பேன்.

இன்னொன்றும் புரிந்தது. அமெரிக்கா என்பது ஒரே ஊர் இல்லை. பட்டியலில் பாதி குளிர் நாட்டுச் சமாச்சாரம். ஏரியில் அப்பும் வரிக்குதிரைச் சிப்பி, 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிறத் துளைப்பான் வண்டு, அது விறகோடு பயணம் போவதால் 'விறகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதே' என்ற பிரசாரம். எல்லாம் அழகாகச் செய்தவை, எங்களுக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை. வடிகட்டியில் ஹவாய், ஃபுளோரிடா, போர்ட்டோ ரிக்கோ மூன்றையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைத்தேன். அப்புறம் வந்ததெல்லாம் எங்கள் கொல்லைப்புறத்துப் பெயர்கள். உண்ணிச்செடி, பெருநத்தை, விசிறி வாழை.

உரிமக் கட்டத்தைப் பார்க்காமல் எதையும் இறக்காதீர்கள். நான் முதலில் மயங்கிய நத்தைச் சுவரொட்டியின் உரிமம் 'மாற்றம் செய்யக் கூடாது' என்ற வகை. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான், ஆகவே தமிழாக்கிப் பகிர முடியாது. 'வணிக நோக்கம் கூடாது' என்பது பரவாயில்லை, நாங்கள் காசு வாங்கவில்லை. அமெரிக்க நடுவண் அரசு ஊழியர்கள் வேலையின் பகுதியாக உருவாக்கியவற்றுக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. மாநில அரசு செய்ததற்கு அந்தச் சலுகை தானாக வராது, இந்த வித்தியாசம் எனக்கு அதுவரை தெரியாது. அரசுத் தாளாகவே இருந்தாலும் அதிலுள்ள புகைப்படம் வேறொருவருடையதாக இருக்கலாம். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரையும் படித்துவிட வேண்டும். உரிமம் எழுதாத இரண்டு பதிவுகளுக்கு, தொடர்புக் கட்டத்தில் இருந்த முகவரிக்கு எழுதிக் கேட்டேன். ஒன்றுக்குப் பதிலே இல்லை. இன்னொருவர் இரண்டு நாளில் 'தாராளமாக' என்று எழுதி, கேட்காமலேயே மூலக் கோப்பையும் அனுப்பிவிட்டார்.

அந்த மூலக் கோப்பு வந்ததுதான் பெரிய உதவி. பிடிஎஃபைத் திறந்து திருத்தினால் ஒவ்வொரு வரியும் தனிப் பெட்டியாக உடைந்து வரும். ஆங்கில வரி இருந்த இடத்தில் தமிழ் வரியை வைத்தால் ஒன்றரை மடங்கு நீளும், பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மூலக் கோப்பில் பத்தி பத்தியாக இருந்தது. ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இறக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டேன். ஸ்கிரைபஸ் 1.5.3 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய 1.4இல் தமிழ் சரியாக வராது. தாள் அளவும் ஒத்துவராது. அவர்கள் சுவரொட்டி 11க்கு 17 அங்குலம், நம்முடையது ஏ3. உயரத்துக்குச் சுருக்கினால் இரண்டு பக்கமும் 13 மி.மீ. காலி. அந்தக் காலி இடத்தில் கிரியோல் பெயரைச் செங்குத்தாக ஓட்டினேன், அதுவே ஒரு அழகாகிவிட்டது.

படங்களில் ஒரு தடவை ஏமாந்தேன். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் படக் களஞ்சியத்தில் பூச்சி, செடிப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவசரத்தில் 768க்கு 512 புள்ளி அளவில் இருந்ததை இறக்கி ஏ3 அகலத்துக்கு இழுத்தேன். திரையில் பளிச். தாளில் உண்ணிப்பூ சதுரம் சதுரமாக, கோலப்புள்ளி மாதிரி. ஏ3 அகலத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி வேண்டுமென்றால் படம் 1754 புள்ளி அகலமாவது இருக்க வேண்டும். இந்தக் கணக்கை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அச்சுக்கடைக் கூத்தைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று பலகைகள் வந்தபோது நான் மண்டப வாசலிலேயே உறையைப் பிரித்தேன். 'கொடி' என்ற சொல்லில் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. 'க', அதன் பின் கொம்பு, அதன் பின் கால். பலகை முழுக்க ஒவ்வொரு கெ, பெ, தொ, போவிலும் இதே கதி. கணினி தமிழைச் சேமிக்கும்போது மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அதற்குப் பின்னும்தான் வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. என் கோப்பில் சரியாகத்தான் இருந்தது. கடைக்காரர் ஓரம் வெட்ட இடம் விடுவதற்காக அதைத் தன்னுடைய பழைய மென்பொருளில் திறந்து, எழுத்தை மறுபடி அடுக்கவிட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் சுருள் சுருளாகத்தான் தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, மூன்று பலகைக் காசு போனதுதான் வயிற்றெரிச்சல்.

தீர்வு சுலபம். கோப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து எல்லா எழுத்தையும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பினேன். அப்படிச் செய்தால் அது எழுத்தே இல்லை, படம். எந்த மென்பொருளும் கொம்பை நகர்த்த முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பிழை கண்டுபிடித்தால் உங்களாலும் நகர்த்த முடியாது. எழுத்தாக இருக்கும் பிரதியை எழுத்துப்பிழை பார்த்து முடித்து, தனிப் பெயரில் சேமித்துவிட்டு மாற்றுங்கள். நான் அதே பெயரில் சேமித்தேன். 'பரவுகிறது' என்பது 'பவருகிறது' என்று இருந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தேன். முழுப் பலகையையும் மறுபடி தட்டச்சு செய்தேன்.

எழுத்து சரியானதும் சொல் தகராறு. எல்லாப் பலகைக்கும் பொதுத் தலைப்பாக 'அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள்' என்று போட்டிருந்தேன். அகராதி அப்படித்தான் சொன்னது. சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்ததை அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த ஊர். தமிழ் மெதுவாகத்தான் வரும், ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டார்.

"அந்நியர் என்றால் வெளியிலிருந்து வந்தவங்கதானே?"

"ஆமாம் அத்தை."

"அப்படின்னா நம்மளையும் ஒரு பலகையில் போடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1730களில் புதுச்சேரியிலிருந்து கல்தச்சரும் கைவினைஞரும், 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரமாயிரம் பேர். எங்கள் வகுப்பிலிருக்கும் 28 பிள்ளைகளும் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். கரும்பும் 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. புளி, மாமரம், கோயில் முருங்கை எதுவும் இங்கே முளைத்ததில்லை.

பட்டியலுக்குத் திரும்பிப் போய், அமெரிக்கத் தாள்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தேன். பலவும் 1999இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணையின் வரையறையையே எடுத்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து வந்தது என்பது பாதிதான். சுற்றுச்சூழலுக்கோ பொருளாதாரத்துக்கோ மனித உடல்நலத்துக்கோ கெடுதல் செய்கிறதா என்பது மறுபாதி. கரும்பு வெளியிலிருந்து வந்தது, ஆனால் நட்ட இடத்தில் நிற்கிறது. சீனக் கொய்யா நிற்பதில்லை. அப்படிப் பிறந்ததுதான் 'விட்ட இடத்தில் நில்லாதவை' என்ற தலைப்பு. செடிக்கும் பொருந்தும், பறவைக்கும் நத்தைக்கும் பொருந்தும். அத்தை படித்துப் பார்த்து, "இது சரி, நாங்க வைத்த இடத்தில்தான் நிற்கிறோம்" என்றார்.

சொல்லில் ஒத்துப்போன அத்தை பழத்தில் ஒத்துப்போகவில்லை. குளிர் தொடங்கினால் பாதி ஊர் கூடையோடு பிளேன் ஷாம்பாஞ் பக்கம் ஏறிவிடும். உப்பும் மிளகாயும் தூவிச் சீனக் கொய்யா தின்னாமல் இங்கே யாருக்கும் குளிர்காலம் கழிவதில்லை. ஹவாய்த் தாளோ அந்தச் செடியைக் கொள்ளைக்காரன் மாதிரி வரைந்து வைத்திருக்கிறது. அதை அப்படியே தமிழாக்கியிருந்தால் பிள்ளைகள் வீட்டில் சண்டை வந்திருக்கும். முகமூடி போட்ட கொய்யாப் படத்தை எடுத்துவிட்டு ஒரு புதரின் குறுக்குவெட்டை வைத்தேன். கோல் கோலாக நெருங்கி நிற்கும் தண்டுகள், அடியில் வெளிச்சமே இல்லாத தரை, அந்த இருட்டில் முளைத்து வாடும் கருங்காலிக் கன்று. கீழே இரண்டே வரி: 'பழம் ருசிதான். அதன் நிழலில் வேறெதுவும் வளர்வதில்லை.' பறவையும் குரங்கும் பன்றியும் தின்று விதையைக் கொண்டுபோவதை அம்புக்குறியில் காட்டினேன். கூடையோடு போகும் ஒரு பாட்டியும் அந்த அம்புக்குறியில் உண்டு. யார் ஜாடை என்று சொல்லமாட்டேன்.

உண்ணிச்செடிப் பலகை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கிரியோலில் அதற்குப் பெயர் 'வியேய் ஃபிய்', முதிர்கன்னி. வகுப்பில் ஐந்து நிமிஷம் அடங்காத சிரிப்பு. பறவைப் பலகையும் அப்படித்தான். பூச்சி தின்னட்டும் என்று 1762இல் கொண்டுவந்த மைனா, 1892இல் வந்துசேர்ந்த செம்மீசைச் சின்னான். சின்னானை இங்கே 'கோந்தே' என்பார்கள். தலையில் நிமிர்ந்து நிற்கும் கறுப்புக் குடுமியைக் காட்டி அந்தப் பெயரைச் சொன்னதும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் "கொண்டை!" என்று கத்தினாள்.

நத்தைக்கு ஃபுளோரிடா தந்த கதை தங்கம். 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று ஆப்பிரிக்கப் பெருநத்தைகளைக் கொண்டுபோனான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு வருஷத்தில் 18,000க்கு மேல். ஒழிக்க 1975 வரை ஆயிற்று. 2011இல் மறுபடி கண்டுபிடித்து, 2021 வரை போராடி மறுபடி ஒழித்தார்கள். அதோடு நான் ஒரு வரி சேர்த்தேன்: 1847இல் பென்சன் என்பவர் இதே நத்தையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய் விட்டார், மொரிஷியஸிலிருந்து. எங்கள் கூர்பா (கிரியோலில் நத்தை) இந்தியாவுக்குப் போன கதை. மழை ராத்திரியில் வெறுங்கையால் தொடாதே, அதன் உடம்பில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு இருக்கலாம் என்ற எச்சரிக்கையை மட்டும் சிவப்பில் போட்டேன்.

அங்கிருந்து இங்கே வந்த கதைக்குத்தான் ஐந்தாவது பலகை. மலைச்சரிவுகளில் மரத்தை மூடி ஏறும் கொடி, பெயர் 'லியான் செர்', மான்கொடி. பட்டியலில் இதற்குப் பாடப்பொருள் ஒன்றுமே இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வல்லுநர் குழு தொகுத்த உலகின் மிக மோசமான 100 இனங்கள் பட்டியலில் மட்டும் இருந்தது: ஹிப்டேஜ் பெங்காலென்சிஸ். படத்தைத் திறந்தேன். ஓரம் சுருண்ட வெள்ளை இதழ்கள், ஒன்றில் மட்டும் மஞ்சள். இது எங்கள் ஊர்க் குருக்கத்தி. மாதவி. மார்கழி முழுக்க நான் பாடிய திருப்பாவையில் குயில்கள் உட்கார்ந்து கூவும் பந்தல் இந்தக் கொடிதான். இந்த மண்டபத்திலும் மார்கழியில் அதைப் பாடுகிறோம், வெளியே மலையில் அதே கொடி மரத்தை நெரிக்கிறது. அந்தப் பலகையை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடப்பக்கம் பந்தல், வலப்பக்கம் மூச்சுத்திணறும் மரம், நடுவே மூன்று இறக்கை வைத்த விதை.

ஆறாவது பலகை செருப்பு தேய்ப்பது. காட்டுக்குள் போகும் முன்னும் வந்த பின்னும் செருப்படி மண்ணைத் தேய்த்து உதறுவது, அமெரிக்காவில் இதற்குப் பெரிய பிரசாரமே உண்டு. அதோடு வந்த பாடம் ஒன்றைச் செய்தோம். உதறிய மண்ணை ஈரத் தட்டில் பரப்பி மூடி வைத்தோம். மூன்று வாரத்தில் ஒன்பது முளை. பிள்ளைகள் அன்றிலிருந்து செருப்பைத் தேய்க்கச் சொல்லாமலே தேய்க்கிறார்கள்.

பட்டியலிலிருந்த பெருகும் விளையாட்டையும் எங்கள் சமையலறைக்கு மாற்றினோம். 64 கட்டம் வரைந்த அட்டை. பச்சைப்பயறு உள்ளூர்ச் செடி, சுற்றுக்கு ஒன்று கூடும். கறுப்பு உளுந்து புகுந்த செடி, சுற்றுக்கு இரட்டிக்கும். இடம் இல்லாவிட்டால் உளுந்து பயறைத் தள்ளிவிட்டு உட்காரும். நாலு சுற்று வரை பிள்ளைகளுக்குச் சுவாரசியமே இல்லை, 16 உளுந்துதான். ஆறாவது சுற்றில் அட்டை கறுப்பு. "மூணாவது சுத்துலயே எடுத்திருக்கணும் மிஸ்" என்றான் ஒரு பையன். நான் அதுவரை ஒன்றும் விளக்கியிருக்கவில்லை.

தமிழ்ப் பலகைகளை அதே பட்டியலில் திரும்ப ஏற்றினேன். மொழிக் கட்டத்தில் தமிழ் இல்லை, 'பிற' என்று போட வேண்டியிருந்தது. எழுதிக் கேட்டேன், சேர்த்துவிட்டார்கள். இப்போதைக்கு அந்த மொழியில் தேடினால் ஆறு பதிவுகள், ஆறும் என்னுடையவை. கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வெட்கம்.

கடைசி வகுப்பில் மாதவி விதையைக் கையில் கொடுத்துக் காட்ட ஆசைப்பட்டேன். காய்ந்த விதைகளைச் சரிவிலிருந்து பொறுக்கி, எண்ணி 24, மூடியிட்ட டப்பாவில் கொண்டுவந்தேன். மண்டபப் படிக்கட்டின் மேலிருந்து ஒவ்வொன்றாக விட்டார்கள். மூன்று இறக்கையும் விரிந்து, பம்பரமாகச் சுற்றிக்கொண்டு, இறங்க மனமில்லாமல் இறங்கும். கீழே விரித்த வேட்டியில் விழ வேண்டும் என்பது ஏற்பாடு. காற்று கொஞ்சம் இருந்தது. முடிந்ததும் எண்ணினோம். 23. மறுபடி எண்ணினோம். 23.

படிக்கட்டுக்கு அடியில், செருப்பு விடும் இடத்தில், தேர் நிற்கும் கொட்டகையில், டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடினோம். அடுத்த சனிக்கிழமை துடைப்பத்தோடு போனேன். கிடைக்கவில்லை. அந்த இலையின் படத்தை ஏ4இல் அச்சடித்து, கொம்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அர்ச்சகரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். வளாகத்தில் இப்படி எது முளைத்தாலும் தண்ணீர் ஊற்றாமல் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று.